லென்ஸை மறைத்த கை

லண்டனுக்குப் போய் வந்தவர்கள் பெரிய மணிக்கூண்டின் முன்னால் நின்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருப்பார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மணிக்கூண்டு இல்லை; ஒரு கடைத்தெருவில், குழந்தையை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வண்டிக்குள் கம்பளி போர்த்தி இருப்பது பதினாறு எம்.எம். புரொஜெக்டர். ஊரில் யாரிடம் காட்டினாலும் "பேரனா சார்?" என்கிறார்கள். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான். முகவாகு அப்படி.

நான் சுகாதாரத் துறையில் படம் காட்டுகிறவன். திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஜீப்பில் திரையையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போய், வயிற்றுப்போக்கு, மலேரியா, குடும்பக் கட்டுப்பாடு என்று, பாட்டும் சண்டையும் இல்லாத படங்களாகப் பார்த்துக் காட்டுவது என் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம், இரண்டு வாரப் பயிற்சிக்கு லண்டன் போகும்படி உத்தரவு வந்தது. போக வேண்டியவர் என் மேலதிகாரி. அவருக்கு விமானம் என்றால் பயம். என் திறமை கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான்.

பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டேன் என்று அரசாங்கத்துக்கு ஏற்கெனவே பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பொய்யை இரண்டு முறை சொல்லக் கூடாது. அதன் பிறகு கிடைத்த ஒரு வார விடுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாரம் அப்டன் பார்க்கில் குணம் அண்ணன் வீட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரை விட்டு வந்த புதிதில் திருச்சியில் எங்கள் மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தவர். இப்போது காலையில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட், மாலையில் தெருக்கோடியில் இருக்கும் சமூக மண்டபத்துக்குக் காவலர். மனைவியும் மகளும் கோடை விடுமுறைக்குக் கனடா போயிருந்தார்கள். எனவே சமையல் அவர் கையில். ஞாயிறு மதியம் டின் மீன் குழம்பு. இரவு டின் மீன் குழம்பு. திங்கள் காலை நான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு டின்னைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, வேற ஏதாச்சும்..."

"வேற எண்டால்? இது தக்காளிச் சோஸில போட்ட மீன். நேற்றையான் எண்ணெயில போட்டது. ருசி தெரியேல்லையோ உமக்கு?"

செவ்வாய்க்கிழமை மாலை அந்த மண்டபத்தில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். உயரமான ஒரு பெண் உள்ளே வந்தாள். தலையை மூடிய மஞ்சள் துணி, நர்ஸ் போடுகிற வெள்ளைக் காலணி. பெயர் ஆமினா. சோமாலியாவிலிருந்து வந்து பல வருடமாக இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறாள். அக்கம்பக்கத்துச் சோமாலிப் பெண்களுக்காக ஒரு சங்கம் நடத்துகிறாள். மறுநாள் மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு படம் காட்ட ஏற்பாடு. ஒரு பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இரவல் கிடைத்துவிட்டது. அதை ஓட்ட ஒப்புக்கொண்ட பெண்ணுக்குத்தான் அம்மை போட்டிருக்கிறது.

"கவலைப்படாதீங்கோ," என்றார் குணம் அண்ணன், என் தோளில் தட்டி. "இந்தியாவில இவர்தான் முதல் ஆள் இதுக்கு."

இந்தியாவில் முதல் ஆள் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "என்ன படம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் சொன்னாள். மருத்துவமனையில் சொல்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். சின்னப் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுத்துத் தைத்துவிடுகிற வழக்கம். அதை நிறுத்தச் சொல்லும் படம். குணம் அண்ணனுக்கு உடனே ஜன்னல் கொக்கியைச் சரிபார்க்கும் வேலை வந்துவிட்டது. எனக்கு இருமல் வந்தது. பதினைந்து வருடம் சுகாதாரத் துறையில் இருக்கிறேன் என்று பெயர்.

"படம் பார்க்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். நீங்கள் ஆண்," என்றாள் ஆமினா.

"ஊரில் என் மனைவி மட்டும்தான் அதை நம்புகிறாள்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இரண்டு மகள்கள் என்றேன். அதற்குத்தான் முகம் கொஞ்சம் இளகியது. அப்புறம் நிபந்தனைகள். நான் சமையலறைக்குள்தான் இருக்க வேண்டும். தேநீர் நீட்டுகிற சின்ன ஜன்னல் வழியாக லென்ஸ் மட்டும் மண்டபத்தைப் பார்க்கலாம். நான் பார்க்கக் கூடாது.

"படம் தெளிவா விழுதான்னு பார்க்கணுமே?"

யோசித்துவிட்டு, "ஒரு கண்ணால் பாருங்கள்," என்றாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் நாளையே காட்ட வேண்டும் என்று சொன்னாள். சஹ்ரா என்று ஒரு பெண். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். மகள் ஹோதானுக்கு ஏழு வயது. வீட்டில் கணவனின் அக்கா ஹலீமா வைத்ததுதான் சட்டம். வருகிற சனிக்கிழமை நாலரை மணி விமானத்தில் ஹலீமா அந்தப் பிள்ளையை, சோமாலியாவுக்குப் பக்கத்து நாடான ஜிபூட்டியில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டுக்கு 'விடுமுறைக்கு' கூட்டிப் போகிறாள். என்ன விடுமுறை என்று சஹ்ராவுக்குத் தெரியும். பிள்ளையின் பாஸ்போர்ட் ஹலீமாவின் கைப்பையில் இருக்கிறது. அந்தப் பை தூங்கும்போதும் அவள் தலைமாட்டில்தான்.

"சட்டம் இல்லையா இங்க?" என்றேன்.

"இந்த நாட்டுக்குள் செய்தால் சட்டம் பிடிக்கும். வெளியே கூட்டிப் போய்ச் செய்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கோர்ட்டில் தடை கேட்கலாம். நாத்தனாருக்கு எதிராகக் கையெழுத்துப் போட சஹ்ராவுக்குக் கை வராது. ஹலீமா மனசு மாற வேண்டும். அவ்வளவுதான் வழி."

"இந்தப் படம்னு தெரிஞ்சா அந்தம்மா வருவாங்களா?"

ஆமினா முதல் முறையாகச் சிரித்தாள். "இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து படம் காட்டுகிறார் என்று சொல்லப் போகிறேன். அது உண்மைதானே?"

அந்தச் சிரிப்பின் பொருள் மறுநாள்தான் புரிந்தது.

புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து புரொஜெக்டரைக் கொண்டுவர வண்டி இல்லை. ஊரில் ஜீப்பும் டிரைவரும் உண்டு. டிரைவர் வராத நாளில் ஜீப்பைத் தள்ள ஊரே உண்டு. இங்கே குணம் அண்ணன் மண்டபத்தின் பரணிலிருந்து ஒரு பழைய குழந்தை வண்டியை இறக்கினார். கிரீன் ஸ்ட்ரீட் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் முருங்கைக்காயை நகை மாதிரி அடுக்கி வைத்திருக்கிற தெரு அது. வெயிலுக்குப் பயந்து இயந்திரத்துக்குக் கம்பளி போர்த்தியிருந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆசையாகக் குனிந்தாள்.

"எவ்வளவு வயது ஆகிறது?"

"இருபது இருக்கும்," என்றேன்.

கம்பளியை விலக்கிப் பார்த்தாள். லென்ஸ் அவளைப் பார்த்தது. "அப்பா ஜாடை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குணம் அண்ணன் மண்டபம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். அந்தப் புகைப்படம் அப்போது அவர் எடுத்ததுதான்.

ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி மண்டபத்தை இருட்டாக்கினோம். நாலு மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முப்பது பேர் இருக்கும். ஆளுக்கொரு தட்டு. எங்கள் கிராமங்களில் படம் பார்க்கப் பாயோடு வருவார்கள். இவர்கள் பலகாரத்தோடு வந்தார்கள். முக்கோணமாக, உள்ளே இறைச்சி வைத்து, பெயரும் கிட்டத்தட்ட நம் சமோசாதான். நாலு நாள் டின் மீனுக்குப் பிறகு அதைக் கடித்தபோது கண்ணில் நீர் வந்தது. ஏலக்காயும் பட்டையும் போட்ட தேநீர் வேறு. குழந்தைகளைப் பக்கத்து அறையில் குணம் அண்ணனின் பொறுப்பில் விட்டார்கள். பதினாலு பேர். "ஐயோ, இதில ரெண்டு பேர் அலுமாரிக்கு மேல ஏறிப்போட்டினம்," என்று அவர் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவர் குரலே கேட்கவில்லை.

அப்போது தேநீர் ஜன்னலில் ஒரு பெரிய கறுப்புக் கைப்பை வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் அகலமான ஒரு முகம். ஹலீமா. பக்கத்தில், தட்டை மார்போடு அணைத்தபடி சஹ்ரா.

"இந்தியாவா?" என்றாள் ஹலீமா, ஆங்கிலத்தில்.

"ஆமா."

உடனே இந்தியில் கடகடவென்று ஏதோ சொன்னாள். ஒரு கதாநாயகி மழையில் நின்று பேசுகிற வசனமாக இருக்க வேண்டும். கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இந்தி தெரியாது, நான் தமிழன் என்றேன். அவள் நம்பவில்லை. சின்ன வயசிலிருந்து இந்திப் படம் பார்த்து வளர்ந்தவளாம். மனப்பாடமாகப் பாடுவாளாம். இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆம்பிளை இந்தி தெரியாது என்று சொல்வதைவிடப் பெரிய பொய் இருக்குமா என்று மற்றவர்களைக் கேட்டாள். பிறகு முன்வரிசையில், நடு நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குத் தயாராக உட்கார்ந்தாள்.

நான் ஆமினாவைப் பார்த்தேன். ஆமினா கூரையைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் என் வலது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் பிரசவம் பற்றிய படங்கள் காட்டும்போது, முன்னால் நாற்காலியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படத்து நர்ஸம்மா விளக்கப்படத்தைப் பிரித்தாலே அவர்களில் ஒருவர் செருமுவார். உடனே ஆபரேட்டர் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிவிட வேண்டும். சத்தம் ஓடும், திரை இருட்டாக இருக்கும். அந்த இடம் தாண்டியதும் கையை எடுக்கலாம். எந்தக் காட்சி எத்தனை நொடி என்று எனக்கு அத்துப்படி. எந்தத் தணிக்கை அதிகாரியும் என் கை அளவுக்குப் படங்களை மறைத்திருக்க மாட்டார். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

படம் ஓடியது. ஆப்பிரிக்க மருத்துவச்சி ஒருத்தி ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தன் ஊர்ப் பெண்களோடு பேசுகிறாள். ஆமினா திரையின் பக்கத்தில் நின்று சோமாலியில் சொல்லிக்கொண்டே வந்தாள். மண்டபத்தில் முணுமுணுப்பு. பாட்டு வரவில்லை என்பது முன்வரிசைக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு கண்ணால் பார்த்தேன், ஹலீமாவின் முதுகு விறைத்திருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

படத்தில் மருத்துவச்சி ஒரு விளக்கப்படத்தைப் பிரித்தாள். யாரோ செருமினார்கள்.

என் கை என்னைக் கேட்கவில்லை. போய் லென்ஸின் முன்னால் நின்றது.

மண்டபம் இருண்டது. சத்தம் மட்டும் ஓடியது. முன்வரிசையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். ஹலீமாவின் குரல், உரக்க, சோமாலியில், இரண்டே வாக்கியம்.

சரி, வாழ்க்கையில் வாங்காத வசவு ஒன்றை இன்று வாங்கிவிட்டோம், அதுவும் புரியாத பாஷையில், நிம்மதி என்று நினைத்தேன். ஆமினா இருட்டில் தட்டுத்தடுமாறி ஜன்னலுக்கு வந்தாள். "கையை எடுங்கள்," என்றாள். எடுத்தேன். படம் கடைசிவரை ஓடியது. முடிந்ததும் யாரும் விளக்கைப் போடச் சொல்லவில்லை. இருட்டிலேயே ஒருத்தி பேசத் தொடங்கினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லாரும். ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் சமையலறையில் ஃபிலிமை ரீலில் திரும்பச் சுற்றிவிட்டு, கழுவ வேண்டிய கோப்பைகளை எல்லாம் கழுவி, கழுவத் தேவையில்லாதவற்றையும் கழுவினேன்.

எல்லாரும் போன பிறகு ஆமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரொம்பத் திட்டினாங்களா?"

"திட்டவில்லை." கோப்பையைத் துடைத்தபடி சொன்னாள். "'அந்தக் கையை எடுக்கச் சொல். அன்றைக்கும் என் அத்தை இப்படித்தான் என் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.' அதுதான் சொன்னாள். நாற்பது வருடத்தில் அவள் அதைப் பற்றிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை."

ஹலீமா, ஹோதானுக்கு அத்தை.

"பாஸ்போர்ட்?" என்றேன்.

"பையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்," என்றாள் ஆமினா.

வியாழக்கிழமை குணம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ஆம்பிளைகள் இந்த விஷயத்தைப் பேசுவது எப்படி என்றால், இருவரும் டின் மீனைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். "உது அவையின்ர சாதிசனத்துப் பிரச்சினை, நாங்கள் தலையிட ஏலாது," என்றுதான் தொடங்கினார். சஹ்ராவின் பிள்ளைதான் நேற்று அலுமாரிக்கு மேல் ஏறியதில் ஒருத்தி என்று சொன்னேன்.

"ஆர், அந்த முன்பல் ரெண்டும் இல்லாத குட்டியோ? என்னை 'அங்கிள், நீங்கள் குதிரை' எண்டு சொல்லி முதுகில ஏறினவள்?"

"ஆமா."

கையைக் கழுவிக்கொண்டு கனடாவுக்குப் போன் எடுத்தார். மகள் தூங்கி எழுந்துவிட்டாளா, சாப்பிட்டாளா என்று இரண்டு தடவை கேட்டார். வைத்துவிட்டு, "சனிக்கிழமை எத்தினை மணிக்கு பிளேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். "ஹோதான்," என்றேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?" தெரியாது என்றேன். "கோத்திரம்?" சோமாலியா என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லிப் பூவைப் போட்டார். நல்ல மனுஷர்.

திரும்பும்போது ரயிலில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அப்டன் பார்க் போய், அதற்கு அப்பால் பார்க்கிங் என்கிற ஊரும் போய், தண்டவாளமே முடிந்துபோன ஓர் ஊரில் ரயில் நின்றிருந்தது. துடைக்க வந்தவர் எழுப்பினார். "எங்கே போக வேண்டும்?" "வந்த வழியே," என்றேன். அவர் சிரித்து, இந்த ரயில் அங்கேதான் போகும், உட்காரும் என்றார். எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை பார்க்கிங்கில் இன்னொரு மண்டபம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்காக ஆமினா முன்பே ஏற்பாடு செய்திருந்தது. குணம் அண்ணனும் கூட வந்தார். குழந்தை வண்டியை ரயிலில் ஏற்ற இரண்டு பேர் உதவினார்கள்; இறக்க மூன்று பேர். "பிள்ளை சத்தமே போடவில்லை, எவ்வளவு நல்ல பிள்ளை," என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை. மணி மூன்று. விமானம் நாலரை. இந்நேரம் விமான நிலையத்தில் இருப்பார்கள்.

ஆமினா போனில் சஹ்ராவைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. இங்கேயும் சமையலறை, இங்கேயும் ஜன்னல். ஃபிலிமை மாட்டும்போது இரண்டு தடவை தப்பாக மாட்டினேன். பதினைந்து வருட அனுபவம்.

மூன்றே முக்காலுக்கு விளக்கை அணைக்கப் போகும்போது, நடைவழியில் குணம் அண்ணன் அலறினார். "ஐயோ, வந்திட்டாள்! முதுகு முறியப்போகுது, இறங்கு பிள்ளை!" முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சிரிப்பு கேட்டது.

நான் கதவைத் திரும்பிப் பார்ப்பதற்குள் சமையலறைக்குள் ஹலீமா வந்துவிட்டாள். பின்னால் சஹ்ரா. சஹ்ராவின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அவள் கையில் இன்றைக்கும் பலகாரத் தட்டு இருந்தது. ஹலீமா ஒரு நாற்காலியை இழுத்துப் புரொஜெக்டரின் பக்கத்தில் போட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தி கற்றுக்கொண்டாயா?"

"இல்லைம்மா. மூணு நாள்தானே ஆச்சு."

"எதற்குத்தான் நீ ஆவாய்?" என்று சொல்லி, அந்தக் கறுப்புக் கைப்பையை என் மடியில் வைத்தாள். நல்ல கனம். "பிடி. இரண்டு கையாலும்."

பிடித்தேன். ஆமினா என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இயந்திரத்தை ஓடவிட்டது ஹலீமாதான். எந்தப் பொத்தான் என்று நான் முகவாயால் காட்டினேன்.

மருத்துவச்சி முற்றத்தில் உட்கார்ந்தாள். பேசினாள். விளக்கப்படத்தைப் பிரித்தாள். மண்டபத்தில் யாரோ செருமினார்கள். என் வலது கை, சத்தியமாகச் சொல்கிறேன், துள்ளியது. ஹலீமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பை," என்றாள்.

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தோலுக்கு அடியில் பாஸ்போர்ட்டின் அட்டை விரலுக்குத் தட்டுப்பட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆகி, நாலு முப்பத்தொன்று ஆனது. அந்தக் காட்சி இத்தனை நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.